ஒரே 'ஜிஎஸ்டி' கணக்கில் எல்லா வரியையும் எழுதினால் என்ன ஆகும்?

கேள்வி: பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நோட்டு, பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறேன். சொந்தப் பெயரில் நடக்கும் கடை. மாதம் எட்டு லட்சம் ரூபாய் அளவுக்கு விற்பனை. உள்ளூர் போக, புதுச்சேரிக்கும் நெல்லூருக்கும் சரக்கு அனுப்புகிறேன். காசு கட்டிப் புதுப்பிக்கும் மென்பொருள் வேண்டாமென்று மகள் சொன்னதால் க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். 'ஜிஎஸ்டி' என்று ஒரு கணக்கு திறந்து, விற்பனை வரி, கொள்முதல் வரி இரண்டையும் அதிலேயே எழுதி வந்தேன். ஆறு மாதம் ஆகிறது. அதில் நிற்கும் தொகைக்கும் ஜிஎஸ்டி போர்ட்டலில் காட்டும் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. நோட்டுக்கு வரி இல்லை என்று ஆனதிலிருந்து குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஆடிட்டர் பழைய மென்பொருளுக்கே திரும்பச் சொல்கிறார். க்னூகேஷிலேயே சரிசெய்ய முடியுமா, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குப் போவது நல்லதா?

பதில்: மென்பொருள் மேல் தப்பில்லை. ஒரே கணக்கு திறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதைப் பிரித்தால் க்னூகேஷ் கணக்கு போர்ட்டலோடு ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகும். ஆனால் உங்கள் சரக்கு வகைக்கு க்னூகேஷ் பொருத்தமா என்பது வேறு கேள்வி. அதைப் பின்னால் பார்ப்போம்.

போர்ட்டலில் உங்கள் பெயரில் இருக்கும் வரி ஒரே தொகையாக இல்லை. ஐஜிஎஸ்டி (வெளி மாநில விற்பனைக்கு), சிஜிஎஸ்டி (உள்ளூர் விற்பனையில் மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (அதில் மாநில அரசின் பங்கு) என்று மூன்றாகவும், ஒவ்வொன்றிலும் கட்ட வேண்டியது, வரவு வைத்தது (கொள்முதலில் கொடுத்து, இப்போது கழித்துக்கொள்ளும் வரி), ரொக்கமாகச் செலுத்தியது என்று தனித்தனியாகவும் நிற்கிறது. சிஜிஎஸ்டியில் வரவு மிஞ்சிக் கிடந்தாலும் அதை எஸ்ஜிஎஸ்டி பாக்கிக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் ஒரே கணக்கில் எழுதியதால் இந்த மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, சட்டம் அனுமதிக்காத ஒரு நிகரத் தொகையைக் காட்டுகிறது. போர்ட்டலோடு அது ஒத்துப்போகும் மாதம் வந்தால் அது தற்செயல்.

ஆகவே முதலில் கணக்குத் தலைப்புகள். கடன்கள் பகுதியில் 'விற்பனை ஐஜிஎஸ்டி', 'விற்பனை சிஜிஎஸ்டி', 'விற்பனை எஸ்ஜிஎஸ்டி' என்று மூன்று. சொத்துகள் பகுதியில் 'கொள்முதல் ஐஜிஎஸ்டி', 'கொள்முதல் சிஜிஎஸ்டி', 'கொள்முதல் எஸ்ஜிஎஸ்டி' என்று மூன்று. சலான் கட்டும் பணத்துக்கு 'ஜிஎஸ்டி கேஷ் லெட்ஜர்' என்று சொத்துப் பகுதியில் இன்னொன்று. வங்கியிலிருந்து பணம் போனவுடன் வரி தீர்ந்ததாக எழுதாதீர்கள். அது முதலில் போர்ட்டலின் கேஷ் லெட்ஜரில்தான் போய் உட்காரும். மாத வரி ரிட்டர்னான 3பி போடும்போதுதான் அதிலிருந்து கழியும். இந்த ஒரு கணக்கை விட்டுவிட்டால், சலான் கட்டிய மாதமும் ரிட்டர்ன் போட்ட மாதமும் வேறாகும்போதெல்லாம் இடிக்கும். வட்டி, தாமதக் கட்டணம் இரண்டும் செலவுக் கணக்குக்குப் போகட்டும், வரிக் கணக்கில் கலக்கக் கூடாது. பில்லை முழு ரூபாயாக்கும் 'ரவுண்ட் ஆஃப்' பைசாவுக்கும் அப்படித்தான். வரி போடாத தனிப் பதிவாக எழுதி, அதற்கென்று ஒரு சிறு கணக்கில் தள்ளுங்கள்.

அடுத்தது வரி அட்டவணை. க்னூகேஷில் 'பிசினஸ்' மெனுவில் 'சேல்ஸ் டாக்ஸ் டேபிள்' இருக்கிறது. ஒரே அட்டவணைக்குள் பல வரிகள் சேர்க்கலாம் என்பதால் நம் ஊர் இரட்டை வரிக்கு அது சரியாகப் பொருந்துகிறது. 'விற்பனை உள் 18' என்ற அட்டவணையில் விற்பனை சிஜிஎஸ்டிக்கு 9 சதவீதம், விற்பனை எஸ்ஜிஎஸ்டிக்கு 9 சதவீதம் என்று இரண்டு பதிவு. 'விற்பனை உள் 5' என்றால் 2.5, 2.5. 'விற்பனை வெளி 18' என்றால் ஐஜிஎஸ்டிக்கு 18 என்று ஒரே பதிவு. 'விற்பனை வெளி 5' என்பதும் அப்படியே. கொள்முதலுக்கு இதே நான்கையும் கொள்முதல் கணக்குகளைக் காட்டித் தனியாகச் செய்ய வேண்டும். விற்பனை அட்டவணையையே சப்ளையர் பில்லுக்கும் பயன்படுத்தினால், வரவு வைக்க வேண்டிய வரி விற்பனை வரிக் கணக்கைக் குறைத்துவிடும். மொத்தம் சரியாகவே தெரியும், அதனால் கண்ணில் படாது. 3பி-யில் நிரப்பும்போதுதான் இரண்டு பக்கமும் குறைந்து நிற்பது தெரியும்.

பில் போடும் இடத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு டிக் பெட்டிகள்: 'டாக்ஸபிள்', 'டாக்ஸ் இன்க்ளூடட்'. முதலாவதை டிக் செய்துவிட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுக்க மறந்தால், மென்பொருள் எச்சரிக்காமல் வரியில்லாமல் பில் போட்டுவிடும். இரண்டாவது தவறி விழுந்திருந்தால், நீங்கள் போட்ட 100 ரூபாய்க்குள்ளேயே வரி அடங்கியதாக எடுத்துக்கொண்டு, சரக்கு விலை 84.75, வரி 15.25 என்று பிரிக்கும். வாங்கியவரிடம் 18 ரூபாய் குறைவாக வசூலித்திருப்பீர்கள். போஸ்ட் செய்யும் (கணக்கில் ஏற்றும்) முன் பில்லின் அடியில் உள்ள வரித் தொகையை ஒரு பார்வை பார்ப்பது போதும்.

வரி விகிதம் மாறும்போது என்ன செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் மறைந்தன. உங்கள் கடையில் பயிற்சி நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர் ஆகியவற்றுக்கு வரி இல்லாமல் போனது. ஜியாமெட்ரி பாக்ஸ் 12-லிருந்து 5 ஆனது. பூச்சு இல்லாத எழுதுதாள் 12-லிருந்து 18-க்கு ஏறியது. பேனா 18-லேயே நிற்கிறது. இப்படி மாறும்போது பழைய 12 அட்டவணையைத் திறந்து எண்ணை மாற்றாதீர்கள். புதிதாக ஒன்று செய்யுங்கள், பழையது அப்படியே இருக்கட்டும். செப்டம்பர் 22-க்கு முன் 12 சதவீதத்தில் விற்ற ஜியாமெட்ரி பாக்ஸ் இப்போது திரும்பி வந்தால், பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டும் அதே 12-இல்தான் போட வேண்டும். போஸ்ட் செய்த பில்லை க்னூகேஷ் தானாக மாற்றாது. ஆனால் ஒரு பில்லை 'அன்போஸ்ட்' செய்தால், வரி அட்டவணையைத் தற்போதைய மதிப்புக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். பழைய பில்லில் அவசரத்தில் 'ஆம்' கொடுத்தால் அது புதிய விகிதத்துக்குப் போய்விடும்.

இனி உள்ளூரா வெளியூரா என்பது. புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது, பேசுவதும் தமிழ்தான், ஆனாலும் ஜிஎஸ்டிக்கு அது வேறு பிரதேசம். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரி 34, ஆந்திரம் 37. ஆகவே புதுச்சேரிக் கடைக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி. அந்தப் புதுச்சேரி வியாபாரி "கடலூர் கடையில் இறக்கிவிடுங்கள், பில் என் பெயருக்குப் போடுங்கள்" என்றால்? சரக்கு தமிழ்நாட்டைத் தாண்டவே இல்லை. இருந்தாலும் அவர் சொல்லித்தான் இறக்குகிறீர்கள் என்பதால், வரிக்குக் கணக்கில் எடுக்கும் சப்ளை இடம் அவருடைய புதுச்சேரி முகவரி. ஐஜிஎஸ்டிதான். பதிவு பெறாதவர் கடைக்கு வந்து வாங்கினால் 2023 அக்டோபர் 1 முதல் விதி எளிது: பில்லில் அவர் முகவரி எழுதியிருந்தால் அந்த மாநிலம், எழுதாவிட்டால் உங்கள் மாநிலம். நெல்லூர்க்காரர் என்று தெரிந்து முகவரியும் எழுதிவிட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போடுவது தவறு.

தவறான தலைப்பில் வரி கட்டிவிட்டால் அதைச் சரியான தலைப்புக்கு அப்படியே மாற்றிக்கொள்ள வழியில்லை. சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கிடையாது என்பது ஆறுதல், ஆனால் பணம் அதுவரை முடங்கும். இதைத் தவிர்க்க, க்னூகேஷில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பக்கத்திலும் அவருக்குரிய வரி அட்டவணையை முன்கூட்டியே நிரப்பிவையுங்கள். ஜிஎஸ்டி எண்ணுக்கென்று தனிக் கட்டம் இல்லாததால், குறிப்புப் பகுதியில் எண்ணை எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயருக்கு முன்னால் 33, 34, 37 என்று போட்டுவைத்தாலும் பட்டியலில் தேடும்போதே தெரிந்துவிடும்.

இப்போது நோட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். ஆனால் பணம் அதிகம் ஒழுகும் இடம் இதுதான்.

வரி இல்லாத சரக்கு என்றால் 'டாக்ஸபிள்' டிக்கை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். பில் சரியாகவே வரும், ஆனால் கணக்கு போதாது. வரியில்லா விற்பனைக்கு வருமானப் பகுதியில் தனிக் கணக்கு வேண்டும்: 'விற்பனை வரியில்லாதது'. வரியுள்ளதை 'விற்பனை 18', 'விற்பனை 5' என்று பிரியுங்கள். மாதக் கடைசியில் இந்தக் கணக்குகளின் மொத்தம் மூன்று இடத்தில் தேவைப்படும். விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் வரியில்லா விற்பனைக்கான 8-ஆம் அட்டவணை, 3பி-யில் அதற்கான கட்டம், அப்புறம் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி வரவு வைத்த வரியை) திருப்பும் கணக்கு.

அந்தத் திருப்புதல் என்னவென்றால், கடை வாடகை, போன், ஆடிட்டர் கட்டணம் போன்றவை பேனா விற்கவும் நோட்டு விற்கவும் பொதுவானவை. அவற்றின் மேல் கட்டிய வரியை முழுதும் வரவு வைக்க முடியாது. மொத்த விற்பனையில் வரியில்லா விற்பனை எத்தனை பங்கோ அத்தனை பங்கைத் திருப்பிவிட வேண்டும். விதி 42 சொல்வது அதைத்தான். நோட்டு கொண்டுவர மட்டும் ஆன செலவின் வரியை முழுதாகவே வரவு வைக்கக் கூடாது. செப்டம்பர் 22 அன்று கையில் இருந்த, 12 சதவீதம் கட்டி வரவு வைத்த நோட்டு இருப்புக்கும் வரவைத் திருப்பியிருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் அது நடந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் வட்டியோடு இப்போதே முடிப்பது மலிவு. பொதுச் செலவு வரிக்கு 'கொள்முதல் சிஜிஎஸ்டி பொது', 'கொள்முதல் எஸ்ஜிஎஸ்டி பொது' என்று துணைக் கணக்கு வைத்தால் மாதாமாதம் பில் பில்லாகத் தேட வேண்டாம். நிதியாண்டு முடிந்ததும் முழு ஆண்டு விற்பனையை வைத்து இந்தப் பங்கை மறுபடி கணக்கிட்டு வித்தியாசத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பில்லின் பெயரும் மாறுகிறது. நோட்டு மட்டும் வாங்கினால் அது 'டாக்ஸ் இன்வாய்ஸ்' இல்லை, 'பில் ஆஃப் சப்ளை'. பதிவு பெறாதவர் பேனாவும் நோட்டும் சேர்த்து வாங்கினால் இரண்டையும் இணைத்து ஒரே பில் போடலாம். பதிவு பெற்றவருக்கு அந்தச் சலுகை விதியில் எழுதப்படவில்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் ஒரே பில்தான் போகிறது என்பது வேறு விஷயம். தனித் தனி எண் வரிசை வைத்துவிட்டால் பிறகு விளக்கம் சொல்லத் தேவையில்லை. எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. லாரி வாடகையைப் பில்லில் சேர்த்தால் சரக்கின் வரிதான் அதற்கும். பேனா லோடுக்கு 18, நோட்டு லோடுக்கு ஒன்றுமில்லை. கலந்த லோடென்றால் சரக்கு மதிப்பின் விகிதத்தில் பிரித்து எழுதுங்கள்.

மாதக் கடைசியை ஒரு கணக்கோடு பார்த்தால் தெளியும். உள்ளூர் 18 சதவீத விற்பனை 4,00,000, உள்ளூர் 5 சதவீதம் 60,000, வெளி மாநிலம் 18 சதவீதம் 1,00,000, நோட்டு 2,40,000. மொத்தம் 8,00,000. கட்ட வேண்டிய வரி: சிஜிஎஸ்டி 37,500, எஸ்ஜிஎஸ்டி 37,500, ஐஜிஎஸ்டி 18,000. கொள்முதல் பக்கம், வெளி மாநிலப் பேனா 2,00,000-க்கு ஐஜிஎஸ்டி 36,000. உள்ளூர்ப் பேனா 1,50,000-க்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 13,500. வாடகை முதலிய பொதுச் செலவு 50,000-க்குத் தலா 4,500.

நோட்டின் பங்கு 8-இல் 2.4, அதாவது 30 சதவீதம். பொதுவான 4,500-இல் 1,350 இரண்டு தலைப்பிலும் திரும்ப வேண்டும். இதற்கான பதிவு: 'திருப்பிய உள்ளீட்டு வரி' என்ற செலவுக் கணக்கில் 2,700 பற்று, கொள்முதல் சிஜிஎஸ்டி பொது 1,350 வரவு, கொள்முதல் எஸ்ஜிஎஸ்டி பொது 1,350 வரவு. மிச்சம் பயன்படுத்தக் கூடியது தலா 16,650, ஐஜிஎஸ்டி 36,000.

நேர்செய்யும் வரிசை சட்டத்தில் உள்ளது. முதலில் ஐஜிஎஸ்டி வரவு முழுதும் தீர வேண்டும். அது ஐஜிஎஸ்டி பாக்கிக்கு 18,000 போக, மிச்சம் 18,000-ஐ மற்ற இரண்டுக்கும் எந்த விகிதத்திலும் பிரிக்கலாம். தலா 9,000 கொடுத்தால் சிஜிஎஸ்டியில் 37,500-இல் 9,000-மும் 16,650-மும் போய் 11,850 ரொக்கம். எஸ்ஜிஎஸ்டியிலும் அதே. மொத்தம் 23,700. புத்தகத்தில் ஒரே ஜர்னல்: விற்பனை ஐஜிஎஸ்டி 18,000, விற்பனை சிஜிஎஸ்டி 37,500, விற்பனை எஸ்ஜிஎஸ்டி 37,500 பற்று. கொள்முதல் ஐஜிஎஸ்டி 36,000, கொள்முதல் சிஜிஎஸ்டி 16,650, கொள்முதல் எஸ்ஜிஎஸ்டி 16,650, கேஷ் லெட்ஜர் 23,700 வரவு. இரண்டு பக்கமும் 93,000. இதை 3பி போட்ட தேதியில் எழுதுங்கள். எழுதியதும் அந்த மாதத்து வரிக் கணக்குகள் ஆறும் பூஜ்யமாக நிற்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் போர்ட்டலும் புத்தகமும் வேறாக இருப்பது இயல்பு, அதைப் பிழையென்று துரத்த வேண்டாம்.

'எந்த விகிதத்திலும்' என்றதில் ஒரு கண்ணி இருக்கிறது. இதே மாதத்தில் ஐஜிஎஸ்டி மிச்சம் 25,000 என்று வைத்துக்கொண்டு, முழுவதையும் சிஜிஎஸ்டிக்கே கொடுத்தால் அங்கே 12,500 தான் பாக்கி நிற்கும். அதற்கு 16,650 வரவு இருக்கிறது. 4,150 சும்மா தங்கிவிடும், அதே சமயம் எஸ்ஜிஎஸ்டிக்கு 20,850 ரொக்கம் கட்டுவீர்கள். சமமாகப் பிரித்திருந்தால் இரண்டும் சேர்த்து 16,700 தான். போர்ட்டல் தானாக நிரப்பும் எண்களைத் திருத்தலாம், ஆகவே சம்மதிக்கும் முன் இதைப் பாருங்கள்.

மேலே உள்ளீட்டு வரி 'வரவு' என்று சொன்னதெல்லாம் 2பி-யில், அதாவது போர்ட்டல் மாதாமாதம் உங்களுக்குத் தயாரிக்கும் கொள்முதல் வரிப் பட்டியலில், வந்திருந்தால்தான் செல்லும். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் உங்கள் பில்லைக் காட்டினால்தான் அடுத்த மாதம் 14-ஆம் தேதி உருவாகும் 2பி-யில் அது ஏறும். அவர் தாமதித்தால் அடுத்தடுத்த மாதம்தான். இதற்கு 'கொள்முதல் வரி 2பி நிலுவை' என்று மூன்று தலைப்பிலும் இடைக் கணக்கு வைத்து, கொள்முதல் வரி அட்டவணைகளை அந்தக் கணக்குகளுக்கே காட்டுங்கள். 2பி-யில் வந்த பில்களின் தொகையை மட்டும் மாதம் ஒருமுறை உண்மையான கொள்முதல் கணக்குக்கு நகர்த்துங்கள். நிலுவையில் மிஞ்சுவது எந்தச் சப்ளையரைப் போனில் பிடிக்க வேண்டும் என்ற பட்டியல். அந்த நிதியாண்டு பில்லை அடுத்த நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன் போட்டால் அதுவரை, எடுக்காவிட்டால் அந்த வரி போயே போய்விட்டது. சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டாலும் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். கடன் நாள் நீளும் நோட்டு சீசனில் பேனா சப்ளையர் பாக்கியையும் கவனிக்க வேண்டிய காரணம் இது.

வாடகை கணக்கில் ஒன்று விசாரியுங்கள்: கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரா? பெறாதவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் 18 சதவீதத்தை நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் (கொடுப்பவருக்குப் பதில் பெறுபவர் வரி கட்டும் முறையில்) ரொக்கமாகக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு வரவு எடுக்கலாம், நோட்டுப் பங்கு போக. லாரி ஆபீஸுக்குக் கொடுக்கும் வாடகைக்கும் அவர்கள் வரி போடாத நிலையில் 5 சதவீதம் இப்படித்தான். பதிவு பெறாதவரிடம் வாங்குவதற்கு 30 நாளுக்குள் நீங்களே ஒரு பில் போட்டுக்கொள்ள வேண்டும். க்னூகேஷில் இதை வரி அட்டவணையில் செய்ய முயலாமல், 'ரிவர்ஸ் சார்ஜ் பாக்கி' என்ற தனிக் கடன் கணக்கில் ஜர்னலாக எழுதுவது குழப்பமில்லாதது. உள்ளீட்டு வரவால் இந்தப் பாக்கியைத் தீர்க்கக் கூடாது, அதனால்தான் தனி.

ரிட்டர்னை க்னூகேஷ் போடுமா? போடாது. அதில் 'இன்கம் அண்ட் ஜிஎஸ்டி ஸ்டேட்மென்ட்' என்று ஓர் அறிக்கை உண்டு, விற்பனை வரியையும் கொள்முதல் வரியையும் தேதிவாரியாகக் காட்டும். சரிபார்க்க அது உதவும். ஆனால் ஹெச்எஸ்என் (சரக்கு வகை எண்) வாரியான தொகுப்பு தராது, போர்ட்டலில் ஏற்றும் ஜேசான் கோப்பும் தராது. ஜிஎஸ்டி போர்ட்டலில் இலவசமாகக் கிடைக்கும் ஆஃப்லைன் டூலில் எக்செல் நிரப்பி, அங்கிருந்து ஜேசான் எடுத்து ஏற்றுவதுதான் வழி. 5 கோடிக்குக் கீழ் என்பதால் உங்களுக்கு நான்கு இலக்க ஹெச்எஸ்என் போதும். நோட்டு 4820, பேனா 9608, பென்சில் 9609. ஹெச்எஸ்என் தொகுப்பு இப்போது பதிவு பெற்றவர், பெறாதவர் என்று இரண்டு பட்டியலாகக் கேட்கப்படுகிறது. க்னூகேஷில் பில்லில் ஒவ்வொரு சரக்குப் பதிவின் விவரத்தில் முதல் நான்கு எழுத்தாக ஹெச்எஸ்என் எழுதினால் எக்செலில் பிரிக்கலாம். செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன், மாதம் முன்னூறு பில்லுக்கு இதைச் சந்தோஷமாகச் செய்வீர்கள் என்று தோன்றவில்லை.

இதுதான் க்னூகேஷ் உங்களுக்கு இடிக்கும் இடம். அதில் சரக்குப் பட்டியலே கிடையாது. 'ஜியாமெட்ரி பாக்ஸ் என்றால் 5, பேனா என்றால் 18' என்று அதற்குச் சொல்லிவைக்க முடியாது. பில்லின் ஒவ்வொரு சரக்குப் பதிவிலும் பில் போடுபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலோசகர், பழுது பார்ப்பவர், ஒரே வரி விகிதத்தில் விற்பவர் ஆகியோருக்கு அது அருமையான பேரேடு. 0, 5, 18 மூன்றும் ஒரே பில்லில் கலக்கும் மொத்தக் கடைக்கு ஆபத்து. ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதவும் முடியாது. கல்லாவில் ஒருவரும் உள்ளே ஒருவரும் பில் போட்டால் அதுவும் தடை.

ஈஆர்பிநெக்ஸ்டில் இந்த இரண்டு குறையும் இல்லை. சரக்குக்கு ஹெச்எஸ்என்னும் வரி வார்ப்புருவும் ஒருமுறை பதித்தால் போதும். வாடிக்கையாளர் முகவரியில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை வைத்து உள்ளா வெளியா என்று அதுவே எடுத்துக்கொள்ளும். 14-ஆம் பதிப்பிலிருந்து இந்திய வரி வசதிகள் 'இந்தியா கம்ப்ளயன்ஸ்' என்ற தனிச் செயலியாகப் பிரிந்துவிட்டன. அதையும் ஈஆர்பிநெக்ஸ்டின் அதே பதிப்புக்கு ஏற்றதாக நிறுவ வேண்டும். நிறுவாமல் "ஜிஎஸ்டி கட்டமே காணோம்" என்பவர்கள் நிறையப் பேர். ஜிஎஸ்டிஆர்-1, 3பி அறிக்கைகளும் 2பி-யோடு கொள்முதலை ஒப்பிடும் கருவியும் அதில் உண்டு. போர்ட்டலோடு நேரடியாகப் பேசும் வசதிக்கு மட்டும் கட்டணம். இன்னொரு செலவும் உண்டு: அது லினக்ஸ் சர்வரில் ஓடும் மென்பொருள். வாடகைச் சர்வரோ, கடையிலேயே ஒரு கணினியோ, பார்த்துக்கொள்ள ஓர் ஆளோ வேண்டும். மகள் அதை ஏற்றுக்கொள்வார் என்றால் ஈஆர்பிநெக்ஸ்டுக்குப் போங்கள். யாரும் இல்லை என்றால் ஆடிட்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மென்பொருளுக்கு மிச்சம் பிடித்த காசு தவறான பில்லில் போய்விடும்.

போனால் முதல் வாரத்தில் நான்கு இடத்தில் முட்டும். ஈஆர்பிநெக்ஸ்டின் இயல்பான பில் எண் வரிசை 'ஏசிசி' என்று தொடங்கி ஆண்டும் எண்ணும் சேர்ந்து 19 எழுத்து வரும். 16-க்குள் அடங்கும்படி சுருக்குங்கள். சரக்கின் வரி வார்ப்புருவில் உள்ள கணக்குகளும் பில்லின் வரி வார்ப்புருவில் உள்ள கணக்குகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறாக இருந்தால் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் 18 தான் விழும். நோட்டுக்கு வரி 0 என்று மட்டும் போடாமல், வரியில்லாதது என்ற வகையைச் சரக்கிலேயே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் 8-ஆம் அட்டவணையில் அது சேராது. சமர்ப்பித்த பில்லை ரத்து செய்து திருத்தினால் எண்ணுக்குப் பின்னால் -1 ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் கைக்குப் போன பில்லுக்கு அந்த வழி வேண்டாம், கிரெடிட் நோட்டு போடுங்கள்.

எந்த மென்பொருளானாலும் பழைய 'ஜிஎஸ்டி' கணக்கை அழிக்காதீர்கள். கடைசியாக 3பி போட்ட மாதத்தை எடுங்கள். போர்ட்டலிலிருந்து அந்த ரிட்டர்னுக்குப் பிந்தைய கிரெடிட் லெட்ஜர் (உள்ளீட்டு வரி வரவு இருப்பு), கேஷ் லெட்ஜர் இரண்டையும் இறக்குங்கள். அதில் உள்ள தொகைகளைப் புதிய கணக்குகளுக்குப் பழைய கணக்கிலிருந்து ஜர்னலாக மாற்றுங்கள். அதற்குப் பிறகு போட்ட பில்களை மட்டும் அன்போஸ்ட் செய்து, புதிய அட்டவணையோடு மறுபடி போஸ்ட் செய்யுங்கள். பழைய கணக்கில் இன்னும் ஏதாவது நின்றால், அதுதான் உங்கள் ஆறு மாதப் பிழையின் அளவு. 2பி-யில் வராத கொள்முதல், திருப்பாத நோட்டு வரவு, செலவில் போக வேண்டிய வட்டி ஆகிய மூன்றில்தான் பெரும்பகுதி கிடக்கும். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத்தான் பூஜ்யமாக்க வேண்டும், காரணம் தெரியாத தொகைக்கான 'சஸ்பென்ஸ்' கணக்கில் தள்ளக் கூடாது.

க்னூகேஷில் இருக்கும் வரை ஓர் அமைப்பை இன்றைக்கே மாற்றுங்கள். மின்னணுக் கணக்கு வைப்பவர் திருத்திய, அழித்த பதிவுகளின் தடத்தை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 56. தனிநபர் கடைக்கும் அது பொருந்தும். க்னூகேஷ் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கணக்குக் கோப்பின் பக்கத்தில் ஒரு லாக் கோப்பு எழுதுகிறது, ஆனால் இயல்பாக 30 நாள் கழித்து அழித்துவிடும். 'எடிட்' மெனுவில் 'பிரெஃபரன்சஸ்', அதில் 'ஜெனரல்' பக்கத்தில் அதை 'ஃபாரெவர்' என்று மாற்றி, கணக்குக் கோப்போடு அந்த லாக் கோப்புகளையும் வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவையுங்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் இவை எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.